முகத்துக்கு நேரே ஒரு முடியாது

இந்தத் தொடரில் ஓரிரு வாரம் தவறவிட்டவர்கள் திருதிருவென்று விழிக்க வேண்டாம். இந்தக் கதையில் வருகிற எல்லோரும் அந்த விழிதான் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்காவது விவரம் தெரியட்டும்.

நம் கதாநாயகியை வீட்டில் 'டீச்சர்' என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வேறு தேசத்திலிருந்து இங்கே வந்து பொறுப்பேற்கும் அதிகாரிகளோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து, இங்குள்ளவர்களை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படி வேலை வாங்குவது என்று பழக்கிவிடுவது அவள் உத்தியோகம்.

அவள் கணவன் மருத்துவமனைக் கட்டில் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவின் தலைவன். செய்து முடித்த கட்டிலை ஆட்டி, அசைத்து, பாரம் ஏற்றிப் பார்த்து, அனுப்பலாம் என்று அவன் சொன்னால்தான் அது வாசல் தாண்டும். சின்ன வயதிலிருந்தே நாலு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை சொல்கிறவன். அவனுடைய அக்கா வைத்த 'மௌனி' என்கிற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்னால் அந்தத் தொழிற்சாலைக்கு வெளிதேசத்திலிருந்து ஒரு புது நிர்வாகி வந்து சேர்ந்தார். நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். தொழிலாளிகள் அவருக்கு 'நெட்டையார்' என்று பெயர் வைத்தார்கள். அவரைப் பழக்கும் பொறுப்பு, யாரும் திட்டம் போடாமலே, டீச்சரிடம் வந்து விழுந்தது.

முதல் நாள் பேச்சு முடிகிற நேரத்தில்தான் அது தன் கணவன் வேலை செய்யும் இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. 'இங்கே என் வீட்டுக்காரர் இருக்கிறார், வேறு ஆளைப் பாருங்கள்' என்று அப்போதே எழுந்திருக்க வேண்டும். அவள் தொழிலில் அதுதான் முதல் விதி. ஆனால் இத்தனை பெரிய பொறுப்பு அவளுக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று விழுங்கிக்கொண்டே இருந்துவிட்டாள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஆபீஸில் நெட்டையாருக்கு இந்த ஊர் மனிதர்களைப் பற்றிப் பாடம். ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் மௌனிக்கு நெட்டையாரின் ஊர் மனிதர்களைப் பற்றிப் பாடம். இரண்டு பேருக்கும் ஒரே டீச்சர். அது இரண்டு பேருக்கும் தெரியாது.

அன்று காலை, ஆபீஸ் நடையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. மௌனி. வேலை நேரத்தில் போன் பண்ணுகிற ஆளே இல்லை அவன்.

"சொல்லிட்டேன்" என்றான்.

"என்னத்த சொன்னீங்க?"

"முடியாதுன்னு. முகத்துக்கு நேரா. அத்தனை பேர் முன்னால."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். போனில் அவனுக்குப் பின்னால் வெல்டிங் சத்தம் கேட்டது. அதற்கு மேல் அவன் குரல் கேட்டது. கல்யாணமான நாள் முதல் இவ்வளவு உரக்க அவன் பேசி அவள் கேட்டதில்லை.

புது மருத்துவமனைக்கு ஒரு பெரிய ஆர்டர் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டில்களின் பக்கக் கம்பியைத் தூக்கி நிறுத்தினால் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கொண்டி உண்டு. சில கட்டில்களில் அந்தக் கொண்டி வழுக்கியது. படுத்திருப்பவர் கம்பிமேல் சாய்ந்தால் ஆளோடு கீழே போக வேண்டியதுதான். இதை எப்படிச் சொல்வது என்று மௌனி ஒரு வாரமாக மேஜையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"சுத்தி வளைக்காதீங்க. அவங்க ஊர்ல நேரா சொல்றதுதான் மரியாதை. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. பூசி மெழுகினா அவருக்கு ஒண்ணும் புரியாது" என்று முந்தின நாள் ராத்திரி சொல்லிக்கொடுத்தவள் டீச்சர்தான்.

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"சிரிச்சார். ரொம்ப நன்றின்னார். எழுந்து வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கினார். நீ சொன்னது அப்படியே பலிச்சுது, டீச்சர்."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். 'கோபம் வந்தால் கூட்டத்தில் காட்டாதீர்கள். சிரியுங்கள், நன்றி சொல்லுங்கள், மற்றதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று நெட்டையாருக்கு அவள் பாடம் எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மத்தியானம் நெட்டையார் வந்தார். கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை, ஒரு பலகை, இரண்டு நாற்காலிகள். நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போடுவது டீச்சரின் வழக்கம். எதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும் என்பாள். இன்று எப்படிப் போட்டாலும் விசாரணை மாதிரிதான் இருந்தது.

நெட்டையார் நம் பேச்சைப் புத்தகம் வைத்துப் படித்துக் கற்றவர். எழுதினது எழுதினபடியே பேசுவார்.

"இன்று காலை ஒருவர் என்னிடம் முடியாது என்றார். எல்லோர் முன்னிலையிலும்" என்று ஆரம்பித்தார்.

டீச்சரின் தொழிலில் பதில் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும். கேட்டாள். "அப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"உள்ளே கொதித்தது. ஆனால் சிரித்தேன். நன்றி சொன்னேன். இப்படி." உதடு விரிய, கண்ணோரம் சுருங்க, தலையை லேசாகச் சாய்த்து ஒருமுறை சிரித்துக் காட்டினார். "சரியாகச் செய்தேனா?"

ஒரு குறை சொல்ல முடியவில்லை. பிறவியிலேயே வந்த சிரிப்பு மாதிரி இருந்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள். "அவர் எதை முடியாதுன்னார்?"

"ஏதோ ஒரு கொண்டி. அது முக்கியமில்லை."

"முக்கியமில்லையா?"

"சொல்லைப் பார்க்காதீர்கள், சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள்தானே சொன்னீர்கள்? பார்த்தேன்." அவர் குரல் இறங்கியது. "இந்த ஊரில் ஒருவர் கூட்டத்தில் முகத்துக்கு நேரே மறுக்கிறார் என்றால், மனதுக்குள் அவர் எப்போதோ விலகிப் போய்விட்டார் என்றும் சொன்னீர்கள். அவர் என்னை விட்டு விலகிவிட்டார். கொண்டி ஒரு சாக்கு."

சொன்னவள் அவள்தான். பலகையில் படம் வேறு போட்டுக் காட்டியிருந்தாள்.

"என் ஊராக இருந்தால் கதையே வேறு" என்று நெட்டையார் தொடர்ந்தார். "கொண்டி வழுக்குகிறது என்று ஒருவர் சொன்னால், நான் நேரே போய் அந்தக் கொண்டியைப் பிடித்துப் பார்ப்பேன். இங்கே அப்படிச் செய்தால் மனிதரை மதிக்காத முரடன் ஆகிவிடுவேன், இல்லையா?"

டீச்சருக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. இந்த மனிதர் தன் ஊர்ப் புத்தியிலேயே இருந்திருந்தால் காலையிலேயே காரியம் முடிந்திருக்கும். மௌனி தன் போக்கில் சுற்றி வளைத்திருந்தாலும், பின்னால் இருப்பதைத் தேடக் கற்றுக்கொண்ட இவர் எப்படியாவது கண்டுபிடித்திருப்பார். இரண்டு பேரும் நல்ல மாணவர்கள். அதுதான் வினையாகப் போனது.

"அந்தக் கட்டில் எல்லாம் இப்ப எங்க?"

"நாளைக் காலை லாரியில் ஏறுகின்றன. அவருக்குப் பதிலாக அவர் பிரிவிலேயே வேறொருவர் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார்."

"அவரை என்ன பண்ணப் போறீங்க? முடியாதுன்னவரை?"

"மரியாதையோடு விடுவிக்கப் போகிறேன். அவர் போக விரும்புகிறார், வாயால் கேட்கக் கூச்சப்படுகிறார். நான் புரிந்துகொண்டேன்." தன் முன்னேற்றத்தை எண்ணி அவருக்கே ஒரு சின்னப் பெருமை இருந்தது. பாவம், அதை அவரால் மறைக்க முடியவில்லை.

டீச்சர் மறுபடி தொழிலைக் கையில் எடுத்தாள். "அவர் அப்படிச் சொன்னதுக்கு வேற ஏதாவது காரணம் இருக்கலாமோ?"

நெட்டையார் யோசித்தார். "இருக்கலாம். வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கலாம்."

"வேற?"

"வீட்டில் நிம்மதி இல்லாமல் இருக்கலாம். மனைவி ஏதாவது ஓதிக்கொண்டே இருப்பவராக இருக்கலாம்."

டீச்சர் தண்ணீர் குடித்தாள்.

"கொஞ்சம் பொறுத்துப் பாருங்களேன்" என்றாள்.

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "புரிந்தது. நீங்கள் நேராகச் சொல்லவில்லை. செய், ஆனால் மென்மையாகச் செய் என்கிறீர்கள்."

"இல்ல இல்ல. நான் நிஜமாவே பொறுக்கத்தான் சொல்றேன்."

"புரிந்தது" என்று இன்னும் ஆழமாகத் தலையாட்டினார்.

இந்த ஆளிடம் இனிமேல் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் போய்த் தேடுவார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. மழை பெய்கிறது என்றால் குடையை எடுக்க மாட்டார். எதற்காக மழையைப் பற்றிப் பேசினாள் என்று யோசிப்பார்.

"முதலில் அவர் குடும்பத்தைப் பார்ப்பேன்" என்றபடி எழுந்தார். "வருத்தமான செய்தியைக் காகிதத்தில் அனுப்பாதீர்கள், வீடு தேடிப் போய் உட்கார்ந்து பேசுங்கள் என்றீர்களே."

"எப்போ?" குரல் கீச்சென்று வந்தது.

"முன்கூட்டியே சொன்னால் அவர்கள் தூக்கம் கெடும் என்றும் சொன்னீர்கள். ஆகவே சொல்லாமல் போவேன்."

அந்த ஆள் என் புருஷன். நாலே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் வேலை போகும், அது போகட்டும். ஆனால் மௌனி முதன்முதலாக வாயைத் திறந்து பேசியது பெண்டாட்டி சொல்லிக்கொடுத்த பேச்சு என்று ஆகிவிடுமே? அது அவனைக் காப்பாற்றுமா, கெடுக்குமா? அவளுக்குத் தலை கால் புரியவில்லை. புரிவதற்குள் நெட்டையார் நிலைப்படிக்குக் குனிந்து வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே பேச்சுச் சத்தம் கேட்டது. மௌனியின் சத்தம்தான். அவன் அக்கா, அதாவது டீச்சரின் நாத்தனார், ஒரு கேக் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தாள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கின் மேல் கால் வைத்தே பழகியதால், யார் பேசினாலும் எந்த நிமிஷமும் நிறுத்தத் தயாராக இருப்பாள். இன்று அவளாலும் நிறுத்த முடியவில்லை.

"மூணாவது தடவை சொல்றான்" என்றாள். "காதே புளிச்சுப்போச்சு. உனக்கு என்ன, முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. வெயில்."

"நாளைக்கே எல்லாக் கட்டிலையும் பிரிச்சு கொண்டியை மாத்திடுவோம்" என்றான் மௌனி. "இனிமே அவர் என்கிட்ட கேட்டுத்தான் எதையும் அனுப்புவார் பாரு."

டீச்சர் விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். நாத்தனார் பின்னாலேயே வந்து குழாயை மூடினாள்.

"வெயிலுக்கு யாரும் இப்படி அழ மாட்டாங்க. சொல்லு."

பயிற்சி அறையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவள் தொழிலின் இரண்டாவது விதி. முதல் விதி போன வழியிலேயே அதுவும் போனது. அத்தனையும் கொட்டிவிட்டாள்.

நாத்தனார் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "நடைபாதையில எதிரெதிரா ரெண்டு பேர் வர்றாங்கன்னு வெச்சுக்கோ" என்றாள். "அவருக்கு வழி விடலாம்னு இவர் ஒதுங்கறார். இவருக்கு வழி விடலாம்னு அவரும் அதே பக்கம் ஒதுங்கறார். நடுவுல நின்னு ரெண்டு பேரையும் ஒதுங்கச் சொன்னது நீ. இடிச்சுக்காம என்ன பண்ணுவாங்க?"

"ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு நினைச்சுத்தான் அண்ணி செஞ்சேன்."

"நல்லதுதான். ஆனா ஒருத்தர் படிக்கிறதை இன்னொருத்தர்கிட்ட சொல்லியிருக்கணும். போன் பண்ணி இப்பவே சொல்லு அந்த மனுஷன்கிட்ட."

"சொன்னா எனக்கு இனிமே இந்தத் தொழிலே கிடையாது."

"சொல்லலேன்னா அவனுக்கு வேலை கிடையாது. அது மட்டுமா, எவனோ ஒரு நோயாளி கட்டில்லேருந்து விழுவான். அப்புறம் நீ தூங்குவியா?"

சமையலறை வாசலில் நிழல் ஆடியது. மௌனி. எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. ஆனால் முகத்தில் சந்தோஷம் அப்படியே இருந்தது.

"இத்தனை வருஷமா எல்லாத்தையும் வயித்துக்குள்ளயே வெச்சுக்கிட்டிருந்தேன்" என்றான், யாரையும் பார்க்காமல். "சொன்னா என்ன ஆகுமோன்னு பயம். இன்னிக்கு நெஞ்சு லேசா இருக்கு. உன்னாலதான்." சொல்லிவிட்டு, கூச்சம் தாங்காமல் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

டீச்சர் போனைக் கையில் எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். எதிலிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால், நிலைப்படிக்குக் குனிந்தபடி நெட்டையார் நின்றிருந்தார். கையில் பழக்கூடை. வெறுங்கையோடு போகாதீர்கள் என்பதும் அவள் பாடம்தான்.

அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் முதலில் குழப்பம். பிறகு அது மெல்ல மலர்ந்தது.

"எனக்கு முன்பே வந்துவிட்டீர்களா?" என்றார். கண்ணில் ஈரம் தெரிந்தது. "இந்தக் குடும்பத்தின் மனதைத் தயார்செய்ய வந்திருக்கிறீர்கள். உங்களை அழைக்க நினைத்தேன், தயங்கினேன். கேட்காமலே வந்திருக்கிறீர்கள். எவ்வளவு நல்ல உள்ளம்."

தப்பிக்க ஒரு வழி தானாகத் திறந்து நிற்கிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். உள்ளே வந்து பயிற்சியாளர் மாதிரியே உட்கார்ந்து, அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிடலாம். அவள் வேலை பிழைக்கும். கொஞ்சம் சாமர்த்தியமாகப் பேசினால் மௌனியின் வேலையும் பிழைக்கலாம்.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பின்னால் நின்றாள். நெட்டையார் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலை தாழ்த்தினார். "இவர்தான் அவருடைய மனைவியா?"

நாத்தனார் டீச்சரை மட்டும் பார்த்தாள்.

"இல்ல" என்றாள் டீச்சர். "அவரோட மனைவி நான்தான்."

பழக்கூடை அவர் கையில் அப்படியே நின்றது. அவர் யோசிக்க ஆரம்பித்தால் இந்தச் சொல்லுக்குப் பின்னாலும் எங்காவது போய்விடுவார். அவள் மூச்சு விடாமல் பேசினாள்.

"இதுக்குப் பின்னால தேடாதீங்க. அவர் சொன்னதுக்குப் பின்னாலயும் ஒண்ணும் இல்ல. கொண்டி வழுக்குது. அவ்வளவுதான். நாளைக்கு லாரி போகக் கூடாது. உங்க ஊர்ல எப்படிச் சொல்வாங்களோ அப்படிச் சொல்லுங்கன்னு அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான். இந்த ஊர்ல எப்படி எடுத்துக்குவாங்களோ அப்படி எடுத்துக்கோங்கன்னு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான். அவர் எங்கயும் போக விரும்பலை. உங்க மேல அவருக்கு இவ்வளவு மரியாதை என்னிக்கும் இருந்ததில்ல."

பின்னால் குளியலறைக் கதவு திறந்திருந்தது. தலையில் ஈரம் சொட்ட மௌனி நின்றிருந்தான். துண்டைப் பிடித்த கை பாதியில் நின்றது.

"லாரியா?" என்றான். பிறகு அவளைப் பார்த்து, தணிந்த குரலில், "அப்போ காலையில சிரிச்சாரே, அது?"

மூன்று பேரும் நெட்டையாரையே பார்த்தார்கள்.

அவர் டீச்சரைப் பார்த்தார். மௌனியைப் பார்த்தார். பிறகு பழக்கூடையை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"ரொம்ப நன்றி" என்றார்.

உதடு விரிய, கண்ணோரம் சுருங்க, தலையை லேசாகச் சாய்த்துச் சிரித்தார். மத்தியானம் அவளிடம் செய்து காட்டிய அதே சிரிப்பு. ஒரு குறை சொல்ல முடியாது.

டீச்சர் கூடையை வாங்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்பைச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.